நின்ற காரின் கதவும் விபத்தை ஏற்படுத்தும்

கேள்வி: கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் சைக்கிளில் கடைக்குச் செல்லும்போது, சாலையோரம் நின்ற காரின் ஓட்டுநர் திடீரெனக் கதவைத் திறந்ததில் அடிபட்டு விழுந்து, காறை எலும்பு முறிந்துவிட்டது. "வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது, நீங்கள்தான் வந்து மோதினீர்கள், ஹெல்மெட்டும் போடவில்லை" என்கிறார் அவர். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்துவிட்டுச் சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம், வாகனத்தின் 'பயன்பாட்டினால்' நேர்ந்த விபத்து என்றுதான் சொல்கிறதே தவிர, வாகனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நெடுஞ்சாலையோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், அதுவும் வாகனப் பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. கவிழ்ந்த லாரிக்கே அப்படியென்றால், பின்னால் யார் வருகிறார்கள் என்று பாராமல் கதவைத் திறந்தவர் தப்பிக்க வழியில்லை. மேலும், சைக்கிளில் செல்வோர், பாதசாரிகள் போன்றோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன.

ஹெல்மெட் வாதம் நிற்காது. சட்டத்தின் 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே உரியது. தவிர, தலையில் ஹெல்மெட் இருந்திருந்தால் காறை எலும்பு தப்பியிருக்கும் என்று எந்த மருத்துவரும் சாட்சி சொல்லப்போவதில்லை.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் ஆகையால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) பிரிவின்படி வழக்குப் பதியலாம். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான், முதல் தகவல் அறிக்கை ஆகாது. நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

இழப்பீட்டு மனுவை, எம்.சி.ஓ.பி. என்று நாங்கள் சொல்வதை, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு. இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் குடியிருக்கும் ஊரின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தார் முன்கூட்டியே ஒரு தொகையோடு வந்தால், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். 164-ஆவது பிரிவின்படி கொடுங்காயத்துக்குரிய இரண்டரை லட்சத்தை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள மனு அத்தோடு முடிந்துவிடும்.

மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், எக்ஸ்ரே, மருந்து ரசீதுகள் ஆகியவற்றோடு, வாடிக்கையாளர்களின் அளவையும் துணி கொடுக்க வேண்டிய தேதியையும் நீங்கள் குறித்துவைக்கும் அளவு நோட்டையும் எடுத்து வாருங்கள். உங்கள் மாத வருமானத்துக்கும், விபத்துக்குப் பின் வெற்றாகக் கிடக்கும் பக்கங்களால் வருமான இழப்புக்கும், அதைவிட நல்ல ஆவணம் உங்களிடம் இருக்காது.