பழைய ஹார்ட்டன் குறுக்குவில்லுக்கு உதிரிபாகம் எங்கே தேடுவது?

அமெரிக்காவில் பழைய ஹார்ட்டன் குறுக்குவில் வாங்கியிருக்கிறீர்கள், நாண் நைந்துவிட்டது, செய்த கம்பெனியோ இல்லை. இதுதானே கேள்வி?

ஒஹையோவில் இருந்த ஹார்ட்டன் மூடப்பட்டபின், 2013இல் அதன் சொத்துகளை அதே மாநிலத்து டென்பாயிண்ட் என்ற குறுக்குவில் கம்பெனி வாங்கியது. ஆனால் பெயர் கைமாறியதால் பழைய மாடலுக்குப் பாகம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

நாணும் கேபிளும் (நாணோடு சேர்ந்து இழுபடும் துணைக் கயிறு) பெரிய தலைவலி இல்லை. நாண் செய்பவர்களிடம் நீளம், இழை எண்ணிக்கை, நூல் வகை சொன்னால் போதும். பழைய நாணை அளந்து மட்டும் கொடுக்காதீர்கள்; பல வருட இழுவையில் அது நீண்டிருக்கும். கையேட்டில் உள்ள அளவுதான் சரி. கையேடு கையில் இல்லையென்றால், கம்பெனியின் பழைய இணையதளம் இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா பாருங்கள்.

வில்லின் கைகள், அதாவது லிம்ப், தான் சிக்கல். ஒன்றில் விரிசல் விழுந்தாலும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். அதே மாடலில் உடைந்த வில்லை வாங்கிக் கழற்றுவது பெரும்பாலும் மலிவு. வாங்குமுன் லிம்பின் மேல் பஞ்சை ஓட்டுங்கள். நார் சிக்கினால் விரிசல், விட்டுவிடுங்கள்.

அப்புறம், அம்பின் பின்முனையில் இருக்கும் நாக் உங்கள் வில்லுக்கு ஏற்றதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் நாண் அம்பைத் தாண்டி வெறுமனே அடிக்கும்; மாற்றிய லிம்ப் அன்றே போய்விடலாம்.