தங்கச்சியிடம் கேட்காத கேள்வி

"எனக்கு 26 வயது. கப்பல் வேலை இன்டர்வியூவுக்குத் தயாராகிறேன். இங்கிலீஷில் பதில் சொல்லிவிடுவேன், கேள்வி கேட்கத்தான் வரவில்லை. 'யூ ஆர் கமிங்?', 'டிட் யூ வென்ட்?' என்றுதான் வாயில் வருகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கிளாஸுக்கு 6,000 ரூபாய் கட்டியும் பலனில்லை. ப்ளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் தங்கச்சி திருத்திச் சொல்வாள். ஆனால் அவளிடம் கற்றுக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வது?"
- குளச்சல் வாசகர்

தம்பி, முதலில் இலக்கணத்தை முடித்துவிடுவோம். தமிழில் கேள்வி வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. 'வருகிறாய்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்ந்தால் 'வருகிறாயா'. இங்கிலீஷில் அது தலைக்குப் போகிறது. 'யூ ஆர் கமிங்' என்பதில் 'ஆர்' எழுந்துவந்து 'யூ'வுக்கு முன்னால் நிற்க வேண்டும்: 'ஆர் யூ கமிங்?' 'கேன்', 'வில்' இருந்தாலும் இப்படித்தான். எழுந்துவரத் துணைவினையே இல்லை என்றால் 'டூ' அல்லது 'டஸ்' வரும். 'ஹீ வர்க்ஸ் இன் குவைத்' என்பது 'டஸ் ஹீ வர்க் இன் குவைத்?' ஆகும். 'வர்க்ஸ்'இல் இருந்த 'ஸ்' 'டஸ்'ஸோடு போய்விட்டது, கவனித்தீர்களா? நடந்து முடிந்ததற்கு 'டிட்'. நீங்கள் சறுக்குவது இங்கேதான். முடிந்துபோன காலத்தை 'டிட்' சுமந்துகொண்டது, அப்புறம் 'வென்ட்' எதற்கு? 'டிட் யூ கோ?' போதும்.

இதையெல்லாம் உங்கள் தங்கச்சி ஏற்கெனவே சொல்லியிருப்பாள். சரி, இப்போது அவளைப் பற்றிப் பேசுவோம்.

'ப்ளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் தங்கச்சி' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். 6,000 ரூபாய் வாங்கியவர்களால் முடியாததைச் சும்மா செய்கிற பெண், எதற்காக வீட்டில் இருக்கிறாள்? காரணம்கூட உங்களுக்கு எழுதத் தோன்றவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டுக்கே முதலாக நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். இங்கேயா இப்படி? 'வரன் பார்க்கிறோம்' என்று சொல்லாதீர்கள். தங்கச்சிக்குப் பவுன் சேர்ப்பதை மட்டும் அண்ணனின் கடமை என்று நினைக்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன், எனக்குக் கோபம்தான் வருகிறது. அவளைக் காலேஜ் வாசலில் கொண்டுபோய் விடுவதுதான் முதல் கடமை, பவுன் அதற்குப் பிறகு. அவளிடம் கற்க வெட்கப்படுகிறீர்களே, அவள் படிப்பு நின்றதற்கு ஒரு நாளாவது வெட்கப்பட்டீர்களா?

செலவைச் சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், காலேஜில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். நீங்கள் கிளாஸுக்குக் கட்டியது அவளுடைய ஆறு மாதத் தொகை.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, அம்மா அப்பா காதில் விழும்படி 'டூ யூ வான்ட் டு ஸ்டடி?' என்று கேளுங்கள். தப்பாகக் கேட்டால் அவளே திருத்துவாள். 'எஸ்' என்று சொன்னால், நாகர்கோவிலுக்கு அப்ளிகேஷன் வாங்க நீங்களே கூடப் போங்கள்.