நான்கு பேருக்குத் தேடினால் ஓர் ஆளுக்கான விமான டிக்கெட் விலை ஏறுவது ஏன்? எத்தனை சீட் மீதி இருக்கிறது என்று பார்க்க முடியுமா?

ஓரளவு பார்க்கலாம். ஆனால் சீட் மேப்பை நம்பாதீர்கள். டிக்கெட் வாங்கியும் இருக்கை குறிக்காமல் செக்-இன் வரை விட்டுவைப்பவர்கள் ஏராளம். அதனால் விற்றுத் தீர்ந்த விமானத்திலும் மேப்பில் வரிசை வரிசையாகக் காலியாகத் தெரியும்.

நான் மண்ணடியில் டிக்கெட் போடும் ஆபீசில் வேலை பார்க்கிறேன். டிக்கெட் பதிவு செய்யும் எங்கள் அமடியஸ் மென்பொருளின் திரையில் ‘ஒய்9 எம்4 கியூ2 எல்0’ என்கிற மாதிரி வரும். எழுத்து ஃபேர் கிளாஸ், அதாவது விலைப் பிரிவு. எண், அந்த விலையில் இப்போது விற்கக்கூடிய இடம். 0 என்றால் மூடியாச்சு. 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. இந்த எண்களைக் கூட்டிவிடாதீர்கள், கியூவின் 2 பெரும்பாலும் எம்மின் 4க்குள்ளேயே அடங்கியிருக்கும். ஒய் பொதுவாக எகானமியின் முழு விலை. மற்ற எழுத்துகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சரி, ராயபுரத்திலிருந்து நான்கு பேர் சிங்கப்பூர் கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். மலிவான கியூவில் 2 சீட்தான் மீதி, எம் அதற்கு அடுத்த விலை. இரண்டு பேருக்குக் குறைந்த விலை, மற்ற இருவருக்கு அடுத்த விலை என்று பெரும்பாலான தளங்கள் பிரித்துப் போடாது. நான்கு பேரையும் எம்முக்கு ஏற்றிவிடும். நீங்கள் பார்த்த விலை உயர்வு இதுதான்.

அதனால் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவர், மூவர். எந்த எண்ணிக்கையில் ஓர் ஆளுக்கான விலை தாவுகிறதோ, அதற்கு முந்தையதுதான் மலிவு விலையில் மீதி இருக்கும் சீட். எழுத்தையும் பார்க்க வேண்டுமானால் கூகுளின் ஐடிஏ மேட்ரிக்ஸ் தளம் காட்டும். அங்கே டிக்கெட் வாங்க முடியாது.

இரண்டு இரண்டாகப் போட்டால் பணம் மிச்சம்தான், ஆனால் பிஎன்ஆர் இரண்டாகிவிடும். விமானம் ரத்தானால் இரண்டு பேர் ஒன்றிலும் மற்ற இருவர் வேறொன்றிலும் மாற்றப்படலாம். குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

நேற்று காணாமல் போன விலை இன்று திரும்பி வருவதும் உண்டு. யாரோ பிடித்துவைத்த புக்கிங், பணம் கட்டாமல் கெடு முடிந்ததும் விடுபட்டு வந்திருக்கும்.

அப்புறம், மலிவான எழுத்தைக் கண்டதும் வாங்கிவிடாதீர்கள். இருக்கை அதேதான். தேதி மாற்றமும் பணம் திரும்பப் பெறுவதும்தான் கிளாஸுக்குக் கிளாஸ் வேறுபடும், சிலவற்றில் பெட்டியின் எடைகூட. தண்டையார்பேட்டையிலிருந்து துபாய், தோஹா வேலைக்குப் போகிறவர்களுக்கு லீவு எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போகும். அவர்களுக்கு மட்டும் விலைக்கு முன்னால் தேதி மாற்றக் கட்டணத்தைத்தான் படித்துக் காட்டுவேன்.