நாடோடிச் சமூகங்களுக்கும் வீடில்லாத குடும்பங்களுக்கும் அரசாங்க வீட்டுத் திட்டங்கள் ஏன் போய்ச் சேருவதில்லை? இங்கிலாந்தில் மட்டும் நிலைமை வேறா?

நான் இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆள். வீட்டுக் கொள்கை படித்தவன் இல்லை. ஒரு வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் பதியும் தற்காலிக வேலையில் மூன்று மாதம் கோப்பும் கையுமாக அலைந்திருக்கிறேன், அவ்வளவுதான். காசு போதாது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் காசு வருவதற்கு முன்னமே, படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஆள் காணாமல் போய்விடுகிறார் என்பதை அந்த மூன்று மாதத்தில் கண்டேன்.

கோமாரிக்குப் போகிற வீதியோரத்தில் நாலைந்து தறப்பாள் கூடாரம். குறவர் குடும்பங்கள். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள், காலடியில் பாம்புப் பெட்டி. பெயர், வயது, பிள்ளைகள் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டம் நிரந்தர முகவரி. “எழுது தம்பி, இந்தக் கிழமை கோமாரி. அடுத்த கிழமை கேட்டா வேற ஊர் சொல்லுவன்” என்றாள். நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனையை நீட்டினால், என் கையைப் பிடித்து விரித்து ரேகை பார்க்கத் தொடங்கினாள். வீடு கட்டுகிற யோகம் எனக்கு இருக்கிறதாம். ஐம்பது ரூபா கொடுத்தேன்.

அவளுடைய படிவத்தை அலுவலகத்தில் ‘பூரணமில்லை’ என்று ஒதுக்கி வைத்தார்கள். கிராம சேவகர் பிரிவு (ஊர் மட்ட நிர்வாகப் பிரிவு) இல்லை, வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை, காணி இல்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கிற பட்டியலிலிருந்து, வீட்டு விலாசம் இல்லாத குற்றத்துக்காக ஒரு பெயர் விழுந்தது. அந்த உத்தியோகத்தரையும் குறை சொல்ல மாட்டேன். கணக்காய்வு வந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரருக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சிங்களத்தில் அஹிகுண்டக என்பவர்களைத்தான் இங்கே குறவர், வனக்குறவர் என்கிறோம். தாய்மொழி தெலுங்கு. ஆண்கள் பாம்பாட்டுவார்கள், குரங்கு வைத்து வித்தை காட்டுவார்கள், பெண்கள் கை பார்த்துக் குறி சொல்வார்கள். முன்பு கழுதை முதுகில் ஓலைக் குடிலையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். இப்போது பெரும்பாலானோர் ஓரிடத்தில் குடியேறிவிட்டார்கள். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் ஆலையடிவேம்புப் பிரிவிலுள்ள அளிக்கம்பை அப்படி உருவான கிராமம்தான். தேவாலயம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் வகுப்பில் தமிழும் பேசுவார்கள்.

சரி, குடியமர்த்தியாயிற்று, பிரச்சினை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கேதான் காணிச் சட்டம் குறுக்கே வருகிறது. அரச காணியில் குடியேறியவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான உத்தரவுப்பத்திரம். அதை நினைத்தபடி விற்கவோ துண்டு போடவோ முடியாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று, பின்னுரித்தாளர் என ஒருவரைப் பெயர் குறிப்பிட வேண்டும், பெரும்பாலும் ஒரு பிள்ளைக்குத்தான் போகும். நாலு பிள்ளை இருந்தால் மற்ற மூன்று பேரும் அதே வளவில் தகரமும் தறப்பாளும் கட்டிக்கொண்டு இருப்பார்கள். கணக்கில் ஒரு வளவு, ஒரு குடும்பம், ஒரு வீடு. உள்ளே போய்ப் பார்த்தால் நாலு அடுப்பு எரியும். அடுப்பை எண்ணுங்கள் என்று நான் அப்போதே சொன்னேன், படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

இலங்கை வீட்டு விஷயத்தில் கை கட்டி நின்ற நாடு இல்லை. 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்ததே 1980இல் அப்போதைய பிரதமர் பிரேமதாச அங்கே போய் வைத்த யோசனையால்தான். 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில், அரசே கட்டிக் கொடுக்காமல் சிறு கடன் கொடுத்து மக்களைக் கட்டவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு முழுதாக உடைந்த வீட்டுக்கு 250,000 ரூபா, அப்புறம் வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபா என்று வந்ததும் கிட்டத்தட்ட இதே வழிதான். எனக்கு இந்த முறை பிடிக்கும். குசினி எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரி முடிவு செய்வாள், மேசனோடு அவளே சண்டை பிடிப்பாள். ஆனால் காசு கட்டம் கட்டமாகத்தான் வரும். அத்திவாரம் எழும்பினால்தான் அடுத்த தவணை. நடுவில் ஹாட்வெயார் கடையில் கடன் சொல்ல ஒரு முகம் வேண்டும், சீமெந்துப் பைக்குக் காவல் இருக்க ஒரு ஆள் வேண்டும். ஊர் ஊராகப் போனால்தான் அன்றைய சோறு என்பவளுக்கு இரண்டுக்கும் எங்கே போவது? எல்லாவற்றுக்கும் முதல் சொந்தத் துண்டுக் காணி வேண்டும்.

அதற்காகக் கட்டி முடித்துச் சாவி கொடுப்பதுதான் தீர்வு என்றும் சொல்ல முடியாது. சவூதி நன்கொடையில் சுனாமிக்காரருக்காகக் கட்டிய அக்கரைப்பற்று நுரைச்சோலை வீடுகள் 500ஐயும் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று வழக்குப் போய், கதவு ஜன்னலோடு வருடக்கணக்கில் பற்றைக்குள் கிடந்தன.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இங்கிலாந்து சொர்க்கம் இல்லை. 1968இல் ஒரு சட்டம் போட்டு, ஜிப்சிகள் கரவன் (அவர்கள் குடியிருக்கிற வண்டி வீடு) நிறுத்தித் தங்க இடம் ஒதுக்குவது உள்ளூராட்சியின் கடமை என்றார்கள். 1994இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். 2015இல், அலைவதை நிரந்தரமாக நிறுத்தியவர் திட்டமிடல் விதிக்கு நாடோடியே இல்லை என்று வரையறையை மாற்றினார்கள். வயதாகி, நோயாகி ஓரிடத்தில் இருந்துவிட்டவர்களும் அதில் அடிபட்டார்கள். அது பாகுபாடு என்று 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் நான் கடன் வாங்குவேன். 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின்படி, ஒருவரிடம் கரவன் இருந்தும் அதைச் சட்டப்படி நிறுத்தி வாழ இடமில்லை என்றால் அவரும் வீடற்றவர்தான். கோமாரிப் பெண்ணுக்கு அந்த ஒரு வரி இங்கே இருந்திருந்தால், முகவரிக் கட்டம் காலியாக இருப்பதே அவளுடைய தகுதியாகியிருக்கும்.

வீடில்லாமை கூடாரத்தில் மட்டும் இல்லை. என் பெரியம்மாவின் கதையைக் கேளுங்கள். கடற்கரை வீடு சுனாமியில் போயிற்று. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அப்போது விதி, ஆகவே உள்ளே தள்ளி வேறிடத்தில் வீடு கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் என்று பெரியப்பாவின் பெயரில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், சீதனமாக. மகளுக்குக் கல்யாணமானதும் வழக்கப்படி வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, பின்னால் கிடுகு வேய்ந்த குசினிக்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். பெரியப்பா அதற்குள்ளேயே இறந்தும் போனார். பிறகு ஒரு திட்டம் வந்தபோது பெரியம்மா கேட்டுப் போனார். “உங்களுக்குத்தான் தந்தாச்சே அம்மா” என்று பழைய கோப்பைத் திருப்பிக் காட்டினார்களாம். கோப்பில் எழுதியிருந்ததும் உண்மை, மாரியில் பெரியம்மா நனைந்ததும் உண்மை.

மூன்று வருடம் நடந்தார். கடைசியில் யாரோ சொல்லிக் கொடுத்து, குசினியைத் தனிக் குடியிருப்பாகப் பதிந்து வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘ஏ’ வாங்கினார். அந்த ‘ஏ’ வந்த பிறகுதான் வாக்காளர் இடாப்பில் தனியாகப் பெயர் ஏறியது, அதற்குப் பிறகுதான் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது அத்திவாரம் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் தவணைக் காசு வரவில்லை.