காவேரிப்பட்டணம் ஆற்றங்கரைக் குழாய்க் கற்கள்: கடல்புழு வளையா?

நண்பரே, காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணைக் கரைச் செம்மண்ணில் கிடைத்த வெள்ளைக் குழாய்கள் கடல்புழு வளைகளா என்று கேட்டிருந்தீர்கள். கடலை விட்டுவிடுங்கள். கிருஷ்ணகிரியின் அடிப்பாறை நைஸும் (gneiss, பட்டை பட்டையான உருமாறிய பாறை) கிரானைட்டும். சுமார் 250 கோடி ஆண்டு வயது, பூமிக்கடியில் வெந்தும் உருகியும் உருவானது, கடலடியில் படிந்ததல்ல. கடல் வளை வேண்டுமென்றால், ஒரு காலத்தில் கடலடியில் இருந்த அரியலூர் பக்கம் போக வேண்டும்.

உங்களுடையது பெரும்பாலும் வேரைச் சுற்றிப் படிந்த சுக்கான் கல், அதாவது மண்ணுக்குள் இறுகிய சுண்ணாம்பு. ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: வேர் கிளைக்கக் கிளைக்க மெலியும், பூச்சி வளை ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும். குறுக்கே உடைத்தால் நடுவில் வேர் இருந்த துளை தெரியலாம். ஒரு சொட்டு வினிகரில் நுரைக்கும்; மந்தமாக இருந்தால் சுரண்டிய தூளில் விடுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், மெல்லிய கிளைகளைத் தின்றுவிடும்.

படத்தில் எல்லாவற்றையும் கழுவி மேசையில் அடுக்கியிருக்கிறீர்கள், பாதித் தகவல் அங்கேயே போச்சு! அடுத்த முறை பெயர்ப்பதற்கு முன்பே மேல்நோக்கி அம்புக்குறி போட்டு, தரையிலிருந்து எத்தனை செ.மீ. ஆழம் என்று குறியுங்கள். நேராக ஆழமாய் இறங்கிய வேர், ஈரம் கீழே இருந்ததைக் காட்டும். படுக்கையாகப் பரவியிருந்தால் நீர் மேலாகவே நின்றிருக்கலாம். ஆனால் அடியில் கெட்டிப் படுகை இருந்தாலும் வேர் படுத்துவிடும், அதையும் தோண்டிப் பார்த்துவிடுங்கள்.