பத்தாவது ஃபெயில், ஐ.டி.ஐ. படிக்கவில்லை. எலக்ட்ரீஷியனாகத் தனியாக வேலை எடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் ஒரு எலக்ட்ரீஷியனிடம் சில ஆண்டுகளாக ஹெல்பராக இருக்கிறார், இப்போது தனியாக வேலை எடுக்கலாமா என்று யோசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அந்த வழியில் வந்தவன்தான். அந்த உரிமையில் தம்பி என்று கூப்பிடுகிறேன்.

தம்பி, ஐ.டி.ஐ. படிக்காமல் எலக்ட்ரீஷியன் ஆகலாம். தகுதிச் சான்று இல்லாமல் ஆகக்கூடாது. நம்மாட்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, 'படிக்கவில்லை, அதனால் சான்றும் கிடைக்காது' என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளில் 45ஆவது விதி என்று ஒன்று இருந்தது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரி இருப்பதைக் கழற்றிவிட்டு அதே மாதிரி ஒன்றைப் போடுவது தவிர, புது வயரிங், கூடுதல் வயரிங், மாற்றம், ரிப்பேர் எல்லாமே லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்றது அது. 2010இல் அந்த விதிகளுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன, 2023இல் அதையும் புதுப்பித்தார்கள். இந்தக் கட்டாயம் மட்டும் போகவில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளையும் லைசென்ஸையும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குத்தான் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். இரண்டுமே 2 ஆண்டுப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ. என்றால் பஸ் பாஸ், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை எல்லாம் உண்டு. வீட்டுச் சூழ்நிலையில் 2 ஆண்டு உட்கார முடியாது என்றால், நான் போன வழி: மின்கம்பி உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு. வயரிங் வேலையில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. நான் எழுதியபோது பக்கத்து வரிசையில் தலை நரைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சான்று கையில் வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். படிக்காத பையன் என்று சொந்தத்திலேயே சொன்னவர்கள் உண்டு. அதனால் சான்றைச் சும்மா காகிதம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காகிதம் இல்லாமலே இருபது வருடம் வேலை பார்க்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

மதுரைப் பக்கம், மாடி வீடு. வாஷிங் மிஷினைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டு அக்கா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் துணி போடுவாராம். வீட்டு லைன்களெல்லாம் பிரிகிற டிபி பெட்டியைத் திறந்தேன். கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி. இருந்தது, ஆனால் உள்ளே வருகிற ஒயரையும் வெளியே போகிற ஒயரையும் நேராகச் சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். கேட்டால், "அது மழைக்காலத்தில் சும்மா சும்மா விழுந்துகொண்டே இருந்தது. பழைய எலக்ட்ரீஷியன்தான், அதுவே ஃபால்ட், எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்று எடுத்துவிட்டார். ரொம்ப அனுபவம் உள்ளவர்" என்றார் வீட்டுக்காரர்.

ஆர்.சி.சி.பி. சும்மா விழாது தம்பி. அதன் வழியாகப் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே வெட்டிவிடும். அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் வெட்டுகிற 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அந்த அக்காவுக்கு அடித்த கரண்டெல்லாம் எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

ஒயரைப் பழையபடி மாட்டி ஆர்.சி.சி.பி.யைத் தூக்கினேன். உடனே விழுந்தது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்ததில் காரணம் மாடி ஹாலில் அகப்பட்டது. இன்வெர்ட்டர் வைத்தவர் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து சப்ளை எடுத்திருக்கிறார். ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பி வருகிற ஒயர்) மெயின் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கியிருக்கிறார். ஒரு வழியாகப் போன கரண்ட் இன்னொரு வழியாகத் திரும்புகிறது, கணக்கு இடிக்கிறது, விழுகிறது. பிரித்துவிட்டேன், நின்றது. அப்புறம் வாஷிங் மிஷினைப் போட்டேன், மறுபடி விழுந்தது. ஒயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மெகர் வைத்துப் பார்த்தால் மிஷினில் ஒரு மெகா ஓம் கூட இல்லை. அடியில் எலி கடித்த ஒயர் பாடியில் உரசிக்கொண்டிருந்தது. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் ஒயர் மாட்டப்படாமலே பின்னால் சுருண்டு கிடந்தது. எர்த் மட்டும் மாட்டியிருந்தால் கசிவு அந்த வழியாகவே போயிருக்கும், அக்கா கையில் ஏறியிருக்காது.

அந்தப் பழைய எலக்ட்ரீஷியன் கெட்டவர் இல்லை. வயரை நேராக இழுப்பார், சுவரில் காடி எடுத்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும். கை சுத்தம். ஏன் விழுகிறது என்று கேட்க யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே எர்த்தும் நியூட்ரலும் எதற்குத் தனித்தனி என்பது முழுசாகப் புரிந்தது. அதுவரை எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் செய்ததைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன்.

உடனே யாராவது வருவார்கள், ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு மெகர் பிடிக்கத் தெரியவில்லை, சான்று வைத்திருக்கிறவன் வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிறான் என்று. இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். கட்டிமுடித்த வீட்டுக்கு இணைப்பு கேட்கும்போது கொடுக்கிற ரிப்போர்ட்டில், அந்தத் தெருப் பக்கமே வராத ஒருவரின் சீல் இருந்ததும் தெரியும். அது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதற்காகச் சான்றே வேண்டாம் என்பது எந்த நியாயம்? ஐ.டி.ஐ. படித்தவர்களைக் குறைத்தும் பேசவில்லை. எனக்கு மெகர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டீஸ் போய்வந்த ஒரு பையன்தான், என்னைவிட வயதில் சின்னவன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கிரகப்பிரவேசத்தில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துத் தாம்பூலம் கொடுப்பார்கள். நல்ல பழக்கம், கொடுக்கத்தான் வேண்டும். எலக்ட்ரீஷியன் அந்த நேரத்தில் வாசலில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருப்பான், அவனைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றாது. கடைசித் தவணைப் பணமும் அவனுக்குத்தான் இழுக்கும். டைல்ஸில் லட்சக்கணக்கில் போட்டவர் எர்த் குழிக்குச் செம்புக் கம்பி வேண்டுமா, வேறு ஏதாவது போடக்கூடாதா என்று பேரம் பேசுவார். சுவருக்குள் போனது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்கு மதிப்பும் இல்லை. இதை எங்கேயாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மின்கம்பி உதவியாளர் சான்று வாங்கினாலும் அதை வைத்து நீங்களே ஒப்பந்தம் எடுத்து ரிப்போர்ட் கொடுக்க முடியாது. லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ், மேற்பார்வையாளரோடு சேர்ந்து வேலை செய்யலாம். தனியாகப் போவதை அதற்குப் பிறகு யோசியுங்கள். இப்போது இருக்கும் இடத்தில் முதலாளியிடம் அனுபவச் சான்று கேளுங்கள். ஆள் கைவிட்டுப் போய்விடுவான் என்று சிலர் எழுதித் தர மாட்டார்கள். அப்படியானால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர் ஒருவரிடம் மாறிக்கொள்ளுங்கள். வேலையில் இருக்கும்போதே ஒரு பழக்கத்தைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: டெஸ்டரை முதலில் எரிகிற பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு ஆஃப் செய்த பாயிண்டில் வையுங்கள், தொடுவதற்கு முன் மறுபடி எரிகிற பாயிண்டில் வையுங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் இதைச் செய்யாமல் எந்த ஒயரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

தேர்வு அறிவிப்பு பேப்பரில் சின்னதாகத்தான் வரும், கண்ணில் படாமல் போய்விடும். விண்ணப்பம், கடைசித் தேதி எல்லாம் உங்கள் மாவட்ட அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் சொல்வார்கள். இந்த வாரமே ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போய்க் கேளுங்கள்.