கார்டு மாற்றியதிலிருந்து கேம் நடுவே ரீஸ்டார்ட்: திருப்பிக் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கேள்வி: தேசிய சேவை முடித்த என் மகன், சேர்த்து வைத்த பணத்தில் கரோசல் இணையச் சந்தையில் ஒருவரிடமிருந்து ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான். பழைய 2060ஐக் கழற்றிவிட்டு இதைப் போட்டதிலிருந்து, கேம் விளையாடும்போது திரை சட்டென்று இருண்டு கணினி தானாகவே மறுபடி கிளம்புகிறது. ஒரு நாள் இரண்டு நிமிடத்தில் விழுகிறது, இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. விண்டோஸ் கோளாறைக் காட்டும் நீலத்திரை வருவதில்லை. யூடியூப், படிப்பு வேலை எல்லாம் நாள் முழுக்கப் பிரச்சினையின்றி ஓடுகிறது. பிராசசர் ரைசன் 7 5800எக்ஸ். பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளை 650 வாட், 2018ல் வாங்கியது. எல்லாவற்றையும் கூட்டினால் 520 வாட்கூட வரவில்லை, அதனால் பவர் சப்ளை போதும் என்கிறான் மகன். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் போட்டு இருபது நிமிடம் கார்டை வாட்டிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. கார்டுதான் கெட்டது, திருப்பிக் கொடு என்கிறார் அவன் அப்பா. ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் பணத்தைத் தருவதாக விற்றவர் சொல்லியிருந்தார். அதில் நாலு நாள் போய்விட்டது. என்ன செய்வது? (சிங்கப்பூர், ஈசூனிலிருந்து ஒரு தாயார்)

பதில்: அம்மா, மீதி மூன்று நாள் தாராளம். முதல் சோதனைக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை, இன்று இரவே தொடங்கலாம். செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

மகனை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்கச் சொல்லுங்கள். அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும், அதே பெயரில் போலித் தளங்கள் உலவுகின்றன. அதில் 'பவர் லிமிட்' பட்டை 100ல் இருக்கும். அதை 70க்கு இழுத்துவிட்டு டிக் குறியை அழுத்த வேண்டும். 3080இன் வழக்கமான வரம்பு 320 வாட், 70 விழுக்காடு என்றால் 224. கூடவே கேமுக்குள் போய், நொடிக்கு எத்தனை படம் என்ற பிரேம் எண்ணிக்கையை 60ல் கட்டிப் போடட்டும். பிறகு எந்த கேமில் அதிகம் விழுந்ததோ அதையே விளையாட வேண்டும், இரண்டு மாலை முழுக்க. ஒரு மணி நேரம் ஓடியதும் 'சரியாகிவிட்டது' என்று துள்ளக் கூடாது. இரண்டு மணி நேரம் தாங்கிய நாளும் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

விழவே இல்லை என்றால், கார்டு கேட்கும் மின்சாரம் அந்த நேரத்தில் அதற்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். 'பெரும்பாலும்' என்பதைக் கவனியுங்கள், அந்தச் சந்தேகத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது மகனின் கணக்கு. கூட்டலில் பிழையில்லை. கார்டுக்கு 320. 5800எக்ஸ் வந்த அட்டைப் பெட்டியில் 105 என்று போட்டிருந்தாலும் 142 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ரேம், விசிறி, டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஐம்பது வையுங்கள். 512 வருகிறது. 650ல் இன்னும் 138 மிச்சம். காகிதத்தில் சரிதான், ஆனால் அந்த 320 ஒரு சராசரி.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். அறுநூறு பேருக்குச் சமைத்தாயிற்று, வந்தது ஐந்நூறு பேர்தான். சோறு போதும். ஆனால் தாலி கட்டியதும் ஐந்நூறு பேரும் ஒரே பந்திக்கு எழுந்து வந்தால், அண்டாவில் சோறு இருந்தும் இலையில் விழாது. கிராஃபிக்ஸ் கார்டும் இப்படித்தான் பந்திக்கு வரும். கேமில் கதவு திறந்து புதுக் காட்சி வரும், குண்டு வெடிக்கும், லோடிங் திரை முடியும். அந்தக் கணத்தில் கார்டு தன் வேகத்தையும் வோல்ட்டேஜையும் ஒரே தாவலில் ஏற்றும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான நேரத்துக்கு, 3080 போன்ற கார்டு 400 வாட்டைத் தாண்டிப் போய்த் திரும்பும். அதே கணத்தில் பிராசசரும் சேர்ந்து எகிறினால், 2018ல் வாங்கிய 650 வாட் பெட்டிக்கு மூச்சுத் திணறும். திரையோரத்தில் வாட் காட்டும் மென்பொருள் நொடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது, அதன் கண்ணில் இது படாது. சுவரில் செருகும் வாட் மீட்டரிலும் படாது.

ஃபர்மார்க்கில் ஏன் விழவில்லை என்பதற்கும் இதுதான் பதில். ஃபர்மார்க் கார்டை ஒரே சீராக வரம்பில் பிடித்து நிறுத்தும். சுமை அதிகம், ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு. பவர் சப்ளைக்கு 300 வாட்டைச் சுமந்து நிற்பது சுலபம், 80லிருந்து 400க்குத் தாவுவதுதான் கஷ்டம். 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எல்லாம் பாஸ், கேமில் மட்டும் சாகிறது' என்று வருகிற கணினிகளில் நான் முதலில் பவர் சப்ளையைத்தான் பார்ப்பேன்.

நீலத்திரை வராததும் ஒரு தடயம். பவர் சப்ளை, மதர்போர்டுக்கு 'பவர் குட்' என்று ஒரு சமிக்ஞையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். 'மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது, நீ வேலையைப் பார்' என்று பொருள். 12 வோல்ட் கம்பியில் 5 விழுக்காடு, அதாவது 11.4 வரை இறங்கலாம் என்பது பவர் சப்ளைகளுக்கான பழைய ஏடிஎக்ஸ் தர விதி. அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் அந்தச் சமிக்ஞை நின்றுபோகும், மதர்போர்டு உடனே ரீசெட் ஆகிவிடும். விண்டோசுக்கு நீலத்திரை போட நேரமே கிடைப்பதில்லை. சில பெட்டிகள் வேறு விதம்: பாதுகாப்புச் சுற்று வெட்டிவிட்டு அப்படியே படுத்துவிடும், பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் எழும். இரண்டும் ஒரே நோயின் முகங்கள்.

விண்டோசின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் இருக்கும். அதைப் பார்த்து 'பவர் என்று விண்டோசே சொல்கிறதே' என்று முடிவு கட்டாதீர்கள். போன முறை ஒழுங்காக மூடப்படவில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம், பிளக்கைப் பிடுங்கினாலும் அதேதான் வரும். அதன் விவரப் பகுதியில் பக்செக்கோட் (நீலத்திரையின் பிழை எண்) 0 என்று இருந்தால் நான் மேலே சொன்ன கதைக்குப் பொருந்துகிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. சிஸ்டம் அமைப்பில் 'தானாக ரீஸ்டார்ட் செய்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை அது நின்று காட்டும். டிஸ்ப்ளே 4101 என்று வரிசையாக இருந்தால் டிரைவரையோ (கார்டை இயக்கும் மென்பொருள்) கார்டையோ சந்தேகிக்கலாம். வீயா-லாகர் (வன்பொருள் கோளாறுப் பதிவு) என்று இருந்தால் முதலில் பிராசசர் பக்கம் திரும்புங்கள்.

அடுத்தது கேபிள். பவர் சப்ளை வாங்கக் கிளம்பும் முன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். 2060 கார்டுகள் பலவற்றுக்கு 8 பின் இணைப்பு ஒன்றே போதும். 3080க்குக் குறைந்தது இரண்டு, சில மாடல்களுக்கு மூன்று. உங்கள் மகன் என்ன செய்திருப்பான் என்று ஊகிக்கிறேன்: ஏற்கெனவே போட்டிருந்த கேபிளின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டாவது தலையை எடுத்துப் பக்கத்துத் துளையில் செருகியிருப்பான். ஒரே கேபிள், இரண்டு தலை. 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் என்பது கணக்கு. இரண்டு தலைக்கும் சேர்த்து 300 வாட்டும் ஒரே கம்பிக் கற்றை வழியாக வரும்போது, வழியிலேயே வோல்ட்டேஜ் கொஞ்சம் கரைந்துபோகும். பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுத்துச் செருகச் சொல்லுங்கள். இதை மட்டும் செய்து சரியான கணினிகள் உண்டு. செருகும்போது 'டக்' என்று கொக்கி விழ வேண்டும். பழைய இணைப்பியின் துளைகளையும் உற்றுப் பார்க்கட்டும். ஏதாவது ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அல்லது கருகிய வாடை வந்தால், அந்தக் கேபிளை மறுபடி தொட வேண்டாம்.

கேபிள் போதவில்லை என்று வேறொரு பவர் சப்ளையின் கேபிளைக் கடன் வாங்கிச் செருகுவது மட்டும் கூடவே கூடாது. கார்டு பக்கம் எல்லாம் ஒரே அமைப்பு, பவர் சப்ளை பக்கம் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். துளை பொருந்தும், உள்ளே மின்சாரம் மாறி வரும். நானே ஒருமுறை சோம்பலில், நேர்த்தியாகக் கட்டியிருந்த பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன 'பட்'. வாடிக்கையாளரின் ஹார்டு டிஸ்க். நல்லவேளை, அதில் இருந்தவற்றுக்கு நகல் வைத்திருந்தார்.

வெப்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த ஊரில் சொல்லியாக வேண்டும். கார்டு சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும். இரண்டாவது நிமிடத்தில் சட்டென்று கணினி விழுவது சூட்டின் குணமல்ல. சூடு தாக்குவது பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெப்பாசிட்டர்களை. பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. குளிர்சாதனம் போடாத வீவக அறையில் 30, 31 டிகிரியில் ஏழு வருடத்துக்கு மேல் உழைத்த பெட்டி, இன்று பழைய 650 ஆக இருக்காது.

மின்நீட்டிப் பலகையில் செருகியிருந்தால் ஒரு நாள் நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். 13 ஆம்ப் பிளக்குக்கு இந்தச் சுமை ஒன்றுமேயில்லை, ஆனால் தளர்ந்துபோன பலகை தொந்தரவு தரும். கணினி விழும்போது வீட்டு மின்சாரமும் சேர்ந்து போகிறது என்றால் அது வேறு கதை, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

மற்றவை எல்லாம் இரண்டாம் வரிசை. டிடியூ என்ற கருவியால் பழைய டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போடலாம், கெடுதல் இல்லை. பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து ரேமை இயல்பு வேகத்தில் ஒரு மாலை ஓட்டலாம். கார்டை நிமிர்த்தி வைக்கும் ரைசர் கேபிள் இருந்தால் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள். பழைய மூன்றாம் தலைமுறை ரைசரும் நான்காம் தலைமுறை கார்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

பவர் சப்ளைதான் என்று தெரிந்தால் எதை வாங்குவது? 3080க்கு என்விடியாவே 750 வாட் பரிந்துரைக்கிறது. நான் 850 வாங்கச் சொல்வேன், அடுத்த கார்டு மாற்றும்போதும் உதவும். வாட்டைவிட முக்கியம், பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருப்பது. 2022ல் வந்த இந்த விதியே இத்தகைய திடீர்த் தாவல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 100 மைக்ரோ நொடிக்குத் தன் அளவைப்போல் இரு மடங்கு இழுத்தாலும் பெட்டி தாங்க வேண்டும் என்கிறது. '80 பிளஸ் கோல்டு' என்பது மின்சிக்கனத்துக்கான முத்திரை, தரச் சான்று அல்ல. சிம் லிம் சதுக்கத்தில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் மலிவாக எதையாவது காட்டினால், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப் என்று படியுங்கள். 12ஆல் பெருக்கினால் சொன்ன வாட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வாங்கியபின் பழைய கேபிள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

வாங்கும் வரை அந்த 70ஐ 80 ஆக்கி விளையாடிக்கொள்ளட்டும். மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பிரேம் அந்த அளவுக்குக் குறையாது. மகனுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

இனி அந்தச் சந்தேகம். 70ல் ஒழுங்காக ஓடுவது பவர் சப்ளை பலவீனத்தாலும் இருக்கலாம், கார்டுக்குள்ளேயே இருக்கும் மின்பகுதி நொந்துபோனதாலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, 850 வாட் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குக் கார்டை எடுத்துப்போய், பவர் லிமிட்டை 100லேயே வைத்து அதே கேமை விளையாடுவது. இது கெடு முடிவதற்குள் நடக்க வேண்டும். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் 2012 முதல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது கடைகளிடம், வியாபாரிகளிடம் வாங்கியவற்றுக்குத்தான், தனிநபரிடம் வாங்கியதற்கு உதவாது. உங்கள் கையில் இருப்பது விற்றவரின் வாய்வார்த்தை மட்டுமே.

அதனால் இன்றைக்கே அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். 'அண்ணே, கேமில் ரீஸ்டார்ட் ஆகிறது, சோதித்துக்கொண்டிருக்கிறேன், உங்களிடம் எத்தனை வாட் பவர் சப்ளையில் ஓடியது?' என்று கேட்டால் போதும். 850 என்று பதில் வந்தால் பாதி விடை வந்த மாதிரி, புகார் சொன்னதற்கும் எழுத்தில் ஒரு தேதி இருக்கும். நண்பன் வீட்டிலும் விழுந்தால் அப்பா சொன்னதுதான் சரி, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பழைய 2060ஐ அதுவரை விற்றுவிட வேண்டாம்.